சிலந்தி மங்காவைத் துப்பறியும் கதையாகப் படிப்பது எப்படி?

ஜப்பானில் ஒரு மேல்நிலைப் பள்ளி. பழைய இலக்கிய வகுப்பு நடந்துகொண்டிருக்கிறது. திடீரென்று ஒரு வெடிப்பு. ஆசிரியையும் மாணவர்களும் அங்கேயே செத்துப்போகிறார்கள். வேறொரு உலகத்தில் ஒருவன் இளவரசனாகக் கண் திறக்கிறான், ஒருவன் பிரபுவின் மகளாகப் பிறக்கிறான், ஆசிரியை எல்ஃப் இனத்துச் சிறுமியாகிறார். ஒரு மாணவி மட்டும் இருட்டுக் குகையில் முட்டையை உடைத்துக்கொண்டு சிலந்திக் குஞ்சாக வெளியே வருகிறாள். 'குமோ தேசு கா, நானி கா?' என்ற மங்காவின், அதாவது ஜப்பானியப் படக்கதையின், தொடக்கம் இது. 'நான் சிலந்திதான், அதுக்கென்ன இப்போ?' என்பது தலைப்பின் தொனி. ஆங்கிலப் பதிப்பு 'ஸோ ஐ'ம் எ ஸ்பைடர், ஸோ வாட்?' என்ற பெயரில் வருகிறது.

இதை வீடியோ கேமில் போல லெவல் ஏற்றும் நகைச்சுவைக் கதையாக மட்டும் படித்துவிட்டுப் போகிறவர்கள் நிறைய. அப்படிப் படித்தாலும் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் உள்ளே ஒரு மர்மக் கதை ஓடுகிறது. வகுப்பில் யார் யாராகப் பிறந்தார்கள், இந்த உலகம் ஏன் வீடியோ கேம் மாதிரி இயங்குகிறது, அந்த வெடிப்பு எங்கிருந்து வந்தது என்ற கேள்விகளுக்கான தடயங்கள் முதல் தொகுதியிலிருந்தே கண்ணெதிரே கிடக்கின்றன. அவற்றைத் தவறவிடாமல் படிக்கத்தான் இந்தக் குறிப்புகள். கதையின் பெரிய முடிச்சுகள் எதையும் இங்கே அவிழ்க்கப் போவதில்லை.

எத்தனை வடிவம் இருக்கிறது?

முதலில் இதில்தான் குழப்பம் வரும். ஒகினா பாபா என்ற எழுத்தாளர் 2015-இல் 'ஷோசெட்சுகா நி நரோ' என்ற இணையதளத்தில் தொடராக எழுதியதுதான் மூலம். அதே ஆண்டு டிசம்பரில் கடோகாவா நிறுவனம் அதை லைட் நாவலாக, அதாவது இளைஞர்களுக்கான, நடுநடுவே ஓவியங்கள் கொண்ட நாவலாக, வெளியிடத் தொடங்கியது. ஓவியம் சுகாசா கிர்யூ. 2022 ஜனவரியில் 16-ஆவது தொகுதியோடு அது முடிந்தது. மங்காவை வரைகிறவர் அசாஹிரோ ககாஷி. அதுவும் 2015 டிசம்பரில்தான் 'யங் ஏஸ் அப்' என்ற கடோகாவாவின் இணைய இதழில் தொடங்கியது. 2021-இல் 24 பகுதிகள் கொண்ட அனிமே (ஜப்பானிய அனிமேஷன் தொடர்) வந்தது. மங்கா, லைட் நாவல் இரண்டையும் ஆங்கிலத்தில் வெளியிடுவது யென் பிரஸ்.

இணையத் தொடரும் அச்சு நாவலும் ஒன்றல்ல. போகப் போக இரண்டும் வேறு வேறு வழியில் பிரிகின்றன. அதனால் இணையத்தில் கிடைத்த ரசிகர் மொழிபெயர்ப்பில் பாதி, புத்தகத்தில் மீதி என்று கலந்து படிக்காதீர்கள். மர்மக் கதையில் இப்படிச் செய்தால், இல்லாத தடயத்தைத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

மங்காவில் தொடங்குங்கள், ஆனால் ஓரிடத்தில் நிறுத்துங்கள்

தொடங்க மங்காதான் சரி. எட்டுக் கால் பூச்சியின் முகத்தில் பயம், பேராசை, சோம்பல், கர்வம் எல்லாவற்றையும் ககாஷி கொண்டுவந்துவிடுகிறார். சிலந்தி என்றாலே உடம்பு கூசுகிறவர்கள்கூடச் சில பக்கங்களில் பழகிவிடலாம். உருண்டைத் தலையும் பெரிய கண்ணுமாக அது அவ்வளவு பயமுறுத்தாது. ஆனால் கதை அவ்வளவு இளகிய கதை இல்லை. முட்டையிலிருந்து வந்த குஞ்சுகள் ஒன்றையொன்று தின்னும் காட்சியில்தான் ஆரம்பம். சின்னப் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்கும் முன் நீங்கள் ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.

மங்காவே புதிது என்றால் இன்னொன்று. பக்கங்கள் வலமிருந்து இடமாக ஓடும். ஒரு பக்கத்துக்குள்ளும் வலது மேல் மூலையில் தொடங்கி இடப்பக்கம் நகர்ந்து கீழே இறங்க வேண்டும். இந்த மங்காவில் வசனம் அதிகம். அவள் பேச்சுத்துணை இல்லாமல் தனக்குத்தானே பேசிக்கொண்டே இருப்பாள். கொஞ்சம் போனதும் 'பேரலல் மைண்ட்ஸ்' என்ற ஸ்கில் (கேமில் வருவது போன்ற சிறப்புத் திறன்) கிடைத்து, அவள் மனமே பல ஆளாகப் பிரிந்து தமக்குள் சண்டை போட ஆரம்பிக்கும். ஆகவே கட்டங்களைப் பிரித்துப் பாருங்கள்: அவள் நினைப்பது ஒரு வகை, இந்த உலகத்தின் 'சிஸ்டம்' அறிவிப்பது இன்னொரு வகை, உயிர், வலு, ஸ்கில்கள் எவ்வளவு என்று பலகை போலக் காட்டும் ஸ்டேட்டஸ் விவரம் மூன்றாவது வகை. இரண்டாவதும் மூன்றாவதும் எழுத்துக் குவியல் மாதிரி இருப்பதால் கண் தானாகத் தாண்டிப் போகும். அங்கேதான் விஷயம் இருக்கிறது.

எங்கே நிறுத்துவது? அவள் எல்ரோ என்னும் மாபெரும் குகையின் மேல் அடுக்கில் கூடு கட்டுகிறாள், மனிதர்கள் வந்து அதை எரிக்கிறார்கள், ஓடிப்போய்க் கீழ் அடுக்கில் விழுகிறாள், அங்கே ஒரு குரங்குப் படை அவளைச் சூழ்ந்துகொள்கிறது. அந்தக் குரங்குச் சண்டை முடிகிற இடத்தில் மங்காவை மூடி வைத்துவிட்டு, லைட் நாவலின் முதல் தொகுதியை முதல் பக்கத்திலிருந்து எடுங்கள். ஒரு நாவல் தொகுதியின் கதை மங்காவில் ஒன்றுக்கு மேற்பட்ட தொகுதிகளாக நீளும். அதனால் தொகுதி எண்ணை வைத்துக் கணக்குப் போடாமல் காட்சியை வைத்து நிறுத்துவதே நல்லது.

'படித்த கதையையே ஏன் மறுபடி படிக்கணும்?' என்று கேட்பீர்கள். மங்கா ஏறக்குறைய முழுக்கவும் சிலந்தியின் பக்கத்தை மட்டுமே சொல்கிறது. மனிதர்களாகப் பிறந்த வகுப்புத் தோழர்களின் கதையை அது விட்டுவிடுகிறது. நாவலில் அவள் அத்தியாயங்களுக்கு நடுவே, 'எஸ்' என்ற எழுத்தும் எண்ணும் போட்டு, ஷுன் என்கிற இளவரசனின் அத்தியாயங்கள் மாறி மாறி வரும். மர்மத்தின் பாதி அதில்தான் இருக்கிறது.

ஸ்டேட்டஸ் பலகையைப் படிக்கப் பழகுங்கள்

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். புதிதாக வருகிறவர்கள் முதலில் தாண்டிப் போவது இதைத்தான்.

பிறந்தவுடன் அவளிடம் 100 ஸ்கில் புள்ளிகள் இருக்கின்றன. அத்தனையையும் 'அப்ரைசல்' என்ற ஒரே ஸ்கில்லில் கொட்டுகிறாள். எதைப் பார்த்தாலும் அது என்னவென்று சொல்லும் ஸ்கில். ஆசையாகக் கல்லைப் பார்க்கிறாள்: 'கல்' என்று வருகிறது. சுவரைப் பார்க்கிறாள்: 'சுவர்'. தன்னையே பார்க்கிறாள்: 'சிலந்தி, பெயர் இல்லை'. நல்ல நகைச்சுவைதான். ஆனால் அதே இடத்தில் ஆசிரியர் ஒரு விதியையும் போட்டுவிடுகிறார்: ஸ்கில்லின் லெவல் எவ்வளவோ அந்த அளவு உண்மைதான் கண்ணுக்குத் தெரியும். இனி எந்தப் பலகையைப் பார்த்தாலும் 'இது முழு விவரமா, இந்த லெவலுக்குத் தெரிகிற விவரமா?' என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெயர் இல்லை என்ற வரியையும் மறக்காதீர்கள். ரசிகர்கள் அவளைக் குமோகோ என்று அழைக்கிறார்கள். அந்த உலகத்துக்குள் அவளுக்கு அப்படி ஒரு பெயர் கிடையாது.

நான்கு கோடுகளை அடையாளம் கண்டுகொண்டால் சண்டைகள் எளிதில் புரியும். பச்சை, உயிர். நீலம், மாயம். மஞ்சள், ஒரே மூச்சில் பாயும் வேகம். சிவப்பு, மொத்த உடல் வலு. சிவப்பு தீர்ந்தால் பட்டினிச் சாவுதான். அதனால்தான் நஞ்சு கக்கும் தவளையைக்கூட அவள் முகம் சுளித்துக்கொண்டு தின்கிறாள். பின்னால், எரிமலைக் குழம்பு ஓடும் நடு அடுக்கில் ஒரு கெளுத்தி மீன் ருசியாக இருந்துவிட்டது என்று அவள் போடும் ஆட்டம் எனக்கு இந்தக் கதையிலேயே மிகவும் பிடித்த இடங்களில் ஒன்று.

இனி தடயங்கள். இந்த உலகத்தில் ஏதாவது செய்தால் பட்டம் கிடைக்கும், பட்டத்தோடு ஸ்கில்லும் வரும். கண்டதையும் தின்றதற்கு ஒரு பட்டம், அதோடு நஞ்சைத் தாங்கும் சக்தி. இது புரிகிறது. இரத்த உறவைத் தின்றதற்கும் ஒரு பட்டம் வருகிறது. அதோடு 'டாபூ' என்ற ஸ்கில் ஒட்டிக்கொள்கிறது. விலக்கப்பட்டது என்று பொருள். அதனால் என்ன பயன் என்று எங்கும் எழுதியிருக்காது. அவளும் 'இது எதுக்கோ' என்று விட்டுவிட்டுப் போய்விடுகிறாள். நீங்கள் விடாதீர்கள். அதன் லெவல் ஏறும்போதெல்லாம், எதனால் ஏறியது என்று பாருங்கள். மனிதர்கள் பக்கத்தில் ஒரு மதம் இருக்கிறது. ஸ்கில் ஏறும்போது காதில் கேட்கும் சிஸ்டம் குரலையே கடவுளின் வாக்கு என்று கும்பிடுகிற மதம். அந்த மதம் இதே ஸ்கில் உள்ளவர்களை எப்படி நடத்துகிறது என்று நாவலில் படிக்கும்போது, குகைக்குள் சிலந்தி அலட்சியமாகத் தாண்டிப்போன அந்த வரி ஞாபகத்துக்கு வர வேண்டும். அதற்காகத்தான் இவ்வளவும் சொல்கிறேன்.

இன்னொன்று, எழுத்தும் கணிதக் குறியும் கலந்த, வாயில் நுழையாத பெயருள்ள ஒரு ஸ்கில். அவள் பலகையில் அது இருக்கும். ஷுனின் பலகையிலும் இருக்கும். வேறு யாரிடம் இருக்கிறது, யாரிடம் இல்லை என்று பார்த்துக்கொண்டே வாருங்கள்.

ஷுனின் அத்தியாயங்களைத் தாண்டாதீர்கள்

உண்மையைச் சொன்னால், முதல் வாசிப்பில் இவை கொஞ்சம் சப்பென்று இருக்கும். குகைக்குள் உயிர் போகிற சண்டை நடக்கும்போது, இங்கே அரச குடும்பம், பள்ளிக்கூடம், மாய வகுப்பு. எழுத்தும் அந்தச் சிலந்தியின் துள்ளல் இல்லாமல் நேராக ஓடும். அதனாலேயே நிறையப் பேர் 'எஸ்' அத்தியாயங்களைப் புரட்டிவிட்டுச் சிலந்திக்கு ஓடுகிறார்கள். அப்படிச் செய்தால் ஐந்தாம் தொகுதி வாக்கில் கதை உங்களுக்குப் பிடிபடாது. நாவலாசிரியர் விறுவிறுப்பான பாதியில் உங்கள் கவனத்தைக் கட்டிப்போட்டுவிட்டு, சாதுவான பாதியில் ஆதாரங்களை வைக்கிறார் என்பது என் கணிப்பு.

இங்கே ஒரு நோட்டு உதவும். ஒவ்வொருவருக்கும் பழைய பெயர், புதிய பெயர், பட்டப்பெயர் என்று இரண்டு மூன்று இருப்பதால் இல்லாவிட்டால் தலை சுற்றும். தொடக்கத்தில் தெரியவருகிறவர்களை மட்டும் சொல்கிறேன், உங்கள் நோட்டின் முதல் பக்கம் இப்படி இருக்கலாம்:

யமாதா ஷுன்சுகே: இப்போது ஷ்லெயின், அனலெய்ட் அரசின் நான்காம் இளவரசன். எல்லாரும் ஷுன் என்கிறார்கள். அண்ணன் ஜூலியஸ், அந்த உலகத்தின் வீரன்.

ஓஷிமா கனாதா: பையனாக இருந்தவன், இப்போது பிரபுவின் மகள். காட்டியா.

ஷினோஹாரா மிரெய்: இப்போது டிராகன் வகைக் குட்டி. ஷுனின் கையில் முட்டையாக வந்து சேர்ந்தவள். ஃபெய்.

நட்சுமே கெங்கோ: இப்போது ஹியூகோ, பேரரசின் இளவரசன். திமிர்.

ஹசெபே யூய்கா: இப்போது யூரி, மதத்தில் மூழ்கியவள்.

ஒகாசாகி கனாமி: ஓகா டீச்சர். எல்ஃப். பழைய மாணவர்களைத் தேடி அலைகிறார்.

ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் இரண்டு கட்டம் விடுங்கள். ஒன்றில், இந்தத் தகவலை யார் சொன்னார்கள் என்று எழுதுங்கள். பாத்திரம் தானே சொன்னதா, வேறொருவர் சொன்னதா, அல்லது நீங்களாக ஊகித்ததா? இது மிக முக்கியம். இந்தக் கதையில் பொய் சொல்கிறவர்கள் குறைவு, தெரியாமல் தப்பாகச் சொல்கிறவர்கள் அதிகம். இன்னொரு கட்டத்தில் வயது, அந்த நேரத்தில் நடக்கும் போர், ஆட்சியில் இருப்பவர் பெயர் என்று கிடைத்ததைக் குறியுங்கள். எதற்கு என்று இப்போது கேட்காதீர்கள்.

பழைய வகுப்பறை நினைவுகள் அங்கங்கே ஒன்றிரண்டு வரியாக வரும். யார் யாரோடு உட்கார்ந்தார்கள், யார் யாரைச் சீண்டினார்கள், யாரைப் பார்த்து எல்லாரும் ஒதுங்கினார்கள் என்பதெல்லாம். ஃபெய் பழைய பிறவியில் எப்படிப்பட்டவளாக இருந்தாள் என்பதை அவளே ஓரிடத்தில் சொல்வாள். அந்தப் பக்கத்தில் ஒரு அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த வேகத்தில் படிப்பது?

நாவலின் முதல் ஐந்து தொகுதிகளை ஒரே தொடர்ச்சியாகப் படியுங்கள். நடுவில் இரண்டு மாதம் விட்டால் பெயர்கள் மறந்துவிடும். ஐந்து முடிந்ததும் கொஞ்சம் நிறுத்தி, முதல் தொகுதியின் 'எஸ்' அத்தியாயங்களை மட்டும் மறுபடி புரட்டுங்கள். அரை நாள் வேலைதான். நோட்டோடு உட்கார்ந்தால், முதல் தடவை சும்மா பேச்சுவாக்கில் வந்ததாக நினைத்த வரிகள் வேறு மாதிரி தெரியும். அப்புறம் ஆறாம் தொகுதி முதல் கதையின் நடை மாறும். பயணம் அதிகம், புதிய முகங்கள் அதிகம், பழைய கேள்விகளுக்குப் பதிலும் ஒவ்வொன்றாக வரும்.

மங்காவுக்குத் திரும்புவது எப்போது? நாவலில் நடு அடுக்கைத் தாண்டியதுமே திரும்பலாம். சண்டைக் காட்சிகளுக்காகத்தான் நான் மங்காவைப் பார்க்கிறேன். நாவலில் எட்டுப் பக்கம் விளக்கும் வலைப்பொறி, படத்தில் ஒரே பார்வையில் புரியும். நில டிராகன் அராபா முதன்முதலில் தலைகாட்டும் இடத்தில், அவள் எவ்வளவு சின்னவள் என்பது படத்தில்தான் உறைக்கும்.

அனிமே பார்க்கலாமா?

பார்க்கலாம், ஆனால் நாவலின் முதல் ஐந்து தொகுதிகளுக்குப் பிறகு. அனிமே எடுத்துக்கொண்டதும் அந்த ஐந்து தொகுதிகளைத்தான். மங்கா விட்ட மனிதர் பக்கத்தை அனிமே விடவில்லை. இரண்டு கதையும் மாறி மாறி வரும். படிக்கவே நேரமில்லை, ஒன்றுதான் முடியும் என்கிறவர்களுக்கு மங்காவைவிட அனிமே முழுமையான மர்மத்தைத் தரும் என்பேன். அயோய் யூகியின் குரலுக்காகவே பார்க்கலாம். குகைக் காட்சிகள் முழுவதையும் அவர் ஒருவரே மூச்சு விடாமல் பேசித் தாங்குகிறார். சிலந்தியும் மிருகங்களும் கணினி வரைகலை, மனிதர்கள் பெரும்பாலும் கையால் வரைந்தது போல இருப்பார்கள். இரண்டும் எப்போதும் ஒட்டுவதில்லை. கடைசிப் பகுதிகளில் படத்தின் தரம் ஆட்டம் காண்கிறது. ஸ்டேட்டஸ் பலகைகள் திரையில் வந்த வேகத்தில் போய்விடும் என்பதுதான் துப்பறிய நினைக்கிறவர்களுக்குப் பெரிய குறை. நிறுத்தி நிறுத்திப் பார்க்க வேண்டியிருக்கும்.

எதையெல்லாம் பார்க்காமல் இருக்க வேண்டும்

ரசிகர்கள் தொகுத்த விக்கி பக்கங்களுக்கு ஐந்தாம் தொகுதி வரை போகவே கூடாது. பாத்திரத்தின் பெயரைத் தேடினால் பக்கத்தின் முதல் வரியிலேயே அது யாருடைய மறுபிறவி என்று எழுதியிருப்பார்கள். தேடுபொறியில் பெயரைத் தட்டும்போது கீழே வரும் பரிந்துரைகளும் ஆபத்துதான். 'இவர்தான் அவரா' என்கிற கேள்வியே பதிலாகிவிடும். இணையப் புத்தகக் கடையில் வாங்குகிறவர்கள் அடுத்தடுத்த தொகுதிகளின் அட்டைப்படங்களை வரிசையாகப் பார்க்காமல், ஒரு நேரத்தில் ஒரு தொகுதியை மட்டும் திறங்கள். பின்னால் வரும் அட்டைகளில் இருப்பவர்கள் யார் என்று யோசித்தாலே பாதி விஷயம் வெளிவந்துவிடும். பின்னட்டைச் சுருக்கமும் அப்படித்தான்.

ஏற்கெனவே முழுக்கப் படித்த நண்பர் இருந்தால், 'சரியா தப்பா என்று மட்டும் சொல்லு' என்று கேட்காதீர்கள். அவர் முகமே சொல்லிவிடும்.

நான்கு சிலந்திச் சகோதரிகளின் அன்றாடக் கூத்துகளைச் சொல்லும் கிளை மங்கா ஒன்றும் இருக்கிறது. வரைந்தவர் கிராடின்பேர்ட். தொடக்கமாக எடுத்துக்கொள்ள ஆசையாக இருக்கும், ஏனென்றால் லேசானது, சிரிப்பானது. ஆனால் அது, குமோகோ நான்கு சகோதரிகளாக இருந்தால் எப்படி இருக்கும் என்ற கற்பனை விளையாட்டு.  மூலக் கதையைப் படித்த பிறகு வாங்குங்கள்.